அகழிமொழியும் தோட்டமொழியும்

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில், அதாவது 1919-இல், அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து சிறியதோர் அகராதி வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர் பேராசிரியருமல்லர், மொழிநூல் வல்லுநருமல்லர். டபிள்யூ. எச். டௌனிங் என்னும் பெயருடைய சிப்பாய். 57-ஆம் படைப்பிரிவில் சேர்ந்து, பிரான்சின் அகழிகளில் நின்று போரிட்டு உயிரோடு திரும்பியவர். 'டிக்கர் டயலெக்ட்ஸ்' என்று பெயரிடப்பட்ட அவ்வகராதியில், பட்டாளத்தார் தமக்குள் வழங்கிய கொச்சைச் சொற்களை அவர் திரட்டித் தந்தார். அடுத்த ஆண்டில் 'டு த லாஸ்ட் ரிட்ஜ்' என்னும் நூலில், தாம் கண்ட அகழிப் போரையே எழுதினார். 'டிக்கர்' என்றால் தோண்டுபவன். அவுஸ்திரேலியச் சிப்பாய்க்கு அப்போரில் நிலைத்துவிட்ட பெயர் அது. துப்பாக்கி பிடித்ததைவிட மண்வெட்டி பிடித்த நேரமே மிகுதியாயிருந்த ஒருவனுக்கு வேறெந்தப் பெயர் பொருந்தும்?

போரின் வரலாற்றைப் பெரும்பாலும் தளபதிகளே எழுதினர். அவர்தம் நூல்களில் படைகள் நகரும், முனைகள் வளையும், இழப்புகள் எண்களாக வரும். மனிதன் பேசுவதில்லை. சிப்பாயின் கொச்சை மொழியிலேதான் அவன் பேசுகிறான். 1914-ஆம் ஆண்டின் இறுதியில், வடகடற் கரையிலிருந்து சுவிற்சர்லாந்தின் எல்லைவரை ஏறத்தாழ 700 கிலோமீற்றர் நீளத்துக்கு இரு தரப்பினரும் மண்ணுக்குள் இறங்கினர். சேறும் எலியும் பேனும் குளிரும் அவர்களோடு குடியிருந்தன. அந்நிலையில் மரணத்தை அதன் பெயராலேயே நாள்தோறும் அழைத்துக்கொண்டிருக்க எவராலும் இயலாது. ஆதலின், கரும்புகை கக்கி வெடித்த ஜெர்மானியப் பெருங்குண்டுக்கு, அக்காலத்துப் புகழ்பெற்ற கறுப்பினக் குத்துச்சண்டை வீரரான ஜாக் ஜோன்சனின் பெயரையே பிரித்தானியச் சிப்பாய்கள் சூட்டிவிட்டனர். அச்சத்தை நகைப்பாக்கி வைத்துக்கொண்டால் இன்னும் ஓர் இரவைக் கழிக்கலாம். கொச்சை மொழி அவர்களுக்குச் செய்த உதவி அதுவே.

இத்தகைய தொகுப்புகள் டௌனிங்கோடு நிற்கவில்லை. 1925-இல் பிரேசரும் கிப்பன்சும், 1930-இல் ஜோன் புரோபியும் எரிக் பாட்ரிட்ஜும் இவ்வகை நூல்களை வெளியிட்டனர். பின்னிருவரும் அப்போரில் சாதாரணச் சிப்பாய்களாக நின்றவர்கள். இவர்களெல்லாம் ஒரு நற்பணி செய்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்நூல்களைப் புரட்டும்போது நமக்கு வேறொரு வினா எழுகின்றது. பிரான்சின் அகழிகளில் வழங்கிய இச்சொற்களுள் எத்தனை சொற்கள் நம் திசையிலிருந்து சென்றவை? நம்மவருடைய சொற்களை எவர் தொகுத்தார்? ரிவர்ஸ்டன் மலைச்சரிவில் தேயிலையும் ஏலமும் மிளகும் விளையும் தோட்டங்களிடையே வாழும் நாம், அவ்வினாவை எழுப்புவதற்கு உரிமையுடையோம். அதற்கான காரணத்தை இக்கட்டுரை போகப்போகக் காட்டும்.

முதலில் சில சொற்களை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியச் சிப்பாய் தன் தாய்நாட்டை 'பிளைட்டி' என்றான். நாட்டுக்குத் திருப்பியனுப்பப்படும் அளவுக்குக் காயம் பட்டால், 'ஒரு பிளைட்டி கிடைத்தது' என்று தோழர்கள் அவனுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். கைகால் ஒன்று போனாலும் உயிர் மிஞ்சியதே என்று மனிதன் மகிழ வேண்டியிருந்த காலத்தின் முழுக் கொடுமையும் அச்சொல்லில் இருக்கின்றது. அது எங்கிருந்து வந்தது? 'விலாயத்து' என்னும் அரபுச் சொல் இந்துஸ்தானியில் அயல்நாட்டை, சிறப்பாக இங்கிலாந்தைக் குறித்தது. நாம் 'சீமை' என்று சொல்வதைப் போன்றதே அது. இந்தியாவில் பாளையமிட்டிருந்த வெள்ளைச் சிப்பாய், தன் நாட்டை இந்தியர் அயல்நாடு என்று குறிப்பிட்ட சொல்லையே எடுத்துத் தன் வீட்டுக்குப் பெயராக்கிக்கொண்டான். எளிதான வேலைக்கு அவன் சொன்ன 'குஷி' என்பதும், எட்டிப் பார்த்தலுக்குச் சொன்ன 'டெக்கோ' என்பதும், துப்பாக்கிக்குச் சொன்ன 'பந்தூக்' என்பதும், உண்ட ரொட்டிக்குச் சொன்ன 'ரூட்டி' என்பதும் இப்படியே இந்தியப் பாளையங்களில் பொறுக்கிய சொற்கள்தாம்.

தமிழும் இதில் பங்கு கொண்டிருந்தது. நமது மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயர் நாவில் 'முல்லிகாட்டானி' ஆயிற்று. அதைக் குறுக்கி, சென்னை மாகாணச் சேவையிலிருந்த அதிகாரிகளுக்கே 'மல்' என்று கேலிப்பெயர் வைத்தனர். யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இதனைக் காணலாம். சென்னைப் பொறியியற் படையினருக்கு இன்றளவும் வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி' என்பதாகும். அகழிப் போரில் முள்கம்பி வேலியைத் தகர்க்கப் பயன்பட்ட குழாய்வெடியும் பெங்களூரின் பெயரையே தாங்கியது. 1912-இல் அங்கே சென்னைப் பொறியியற் படையைச் சேர்ந்த மக்ளின்டொக் என்னும் அதிகாரியால் அது ஆக்கப்பட்டது.

இவ்வாறு நம் சொற்கள் அகழிக்குள் சென்றன. நம் மனிதரும் சென்றனர். 1914-ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில் இந்தியப் படையினர் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கினர். வெப்பநாட்டுப் பருத்தி உடையோடு ஐரோப்பியக் குளிர்காலத்தை எதிர்கொண்டனர். 1915 மார்ச்சில் நூவ் ஷப்பேல் போரிலும், ஏப்ரலில் நச்சுவாயு பரவிய ஈப்பர் களத்திலும் அவர்கள் நின்றனர். அப்போர் முழுவதிலும் இந்தியாவிலிருந்து திரட்டப்பட்டோர் 13 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். மாண்டோர் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். எழுத்தறியாதோர் பலர். எனினும் அவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினர். எழுதத் தெரிந்தவனைக் கொண்டு எழுதுவித்தனர்.

அக்கடிதங்களை முதலில் வாசித்தவர்கள் உற்றாரல்லர். இந்திய அஞ்சலைத் தணிக்கை செய்வதற்கென்றே பிரான்சில் ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. கப்டன் ஹாவெல் என்பவர் அதன் தலைவர். கடிதங்களைப் பிரித்து, வேண்டிய பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாரந்தோறும் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது அவர் கடமை. சிப்பாயின் உள்ளத்தில் கிளர்ச்சி முளைக்கிறதா என்று அறிவதே நோக்கம். தணிக்கை நடப்பதைச் சிப்பாய்களும் அறிந்தே இருந்தனர். எனவே அவர்கள் மறைமொழி ஒன்றை ஆக்கினர். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைச் சிப்பாய். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்று வீட்டுக்கு எழுதினால், நம்மவர் மிகுதியாக மடிகின்றனர், இனி எவரும் படையில் சேரவேண்டாம் என்று பொருள். அதிகாரிகள் அதனையும் கண்டுபிடித்துக் கோப்பில் பதிந்துகொண்டனர். பிரித்தானியர் இந்நாடுகளைத் தேடிவர ஒரு காரணமாயிருந்த மிளகே, அவர்தம் போரில் மடிந்தவனுக்கும் குறிச்சொல் ஆயிற்று.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாயின் கொச்சை மொழி அகராதியாயிற்று. கறுப்புச் சிப்பாயின் மறைமொழி உளவுக் கோப்பாயிற்று. இருவரும் ஒரே சேற்றில் நின்றவர்களே. டௌனிங் தம் தோழரின் பேச்சைத் தாமே திரட்டினார். இந்தியச் சிப்பாயின் பேச்சோ, அவனை ஐயுற்றவர்களின் கையினாலேயே, அதுவும் வேற்று மொழியில், நமக்கு எஞ்சியது. மூலக் கடிதங்களில் மிகப் பல அழிந்துபோயின. பெர்லினுக்கு அண்மையில் வுன்ஸ்டோர்ப் சிறைமுகாமில் ஜெர்மானியர் செய்ததும் இதற்கு மாறானதன்று. 1916 டிசம்பரில், மால் சிங் என்னும் பஞ்சாபிக் கைதியை ஒலிப்பதிவுக் கருவியின் முன்னே நிறுத்திப் பேசவைத்தனர். அவனோ தன்னைத் தானே 'ஒரு மனிதன்' என்று படர்க்கையில் வைத்து, இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த வாழ்க்கையையும் ஊர் திரும்பும் ஏக்கத்தையும் கதைபோலச் சொன்னான். கேட்டவர்களுக்கு அது மொழி மாதிரி மட்டுமே. அவன் குரல் இன்றும் பெர்லினில் பாதுகாக்கப்படுகின்றது.

இனி, தமிழர் அக்கடிதங்களில் ஏன் அரிதாகவே தோன்றுகின்றனர் என்னும் வினாவுக்கு வருவோம். கும்பினியார் தென்னாட்டில் போரிட்ட காலத்தில் அவர்தம் படையில் தமிழ்ச் சிப்பாய்கள் பெருந்தொகையினராக இருந்தனர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போர்க்குணம் அற்றவர் என்று முடிவு கட்டினார். வடமேற்கு மக்களே 'போர்க்குலத்தார்' என்னும் கொள்கை ஓங்கியது. சென்னைப் படைகள் குறைக்கப்பட்டன. 1914 நவம்பரில் கிழக்காபிரிக்காவின் தாங்காவில் பாளையங்கோட்டைக் காலாட்படை இறங்கியதை மறுப்பதற்கில்லை. மெசப்பொத்தேமியாவிலும் தென்னாட்டவர் மாண்டனர். தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று கூறும் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். அவற்றில் எண் உண்டு, பெயர் இல்லை.

துப்பாக்கி பிடிக்கத் தகுதியற்றவன் என்று ஒதுக்கிய அதே தமிழனை, பணிவான உழைப்பாளி என்று புகழ்ந்து தோட்டத்துக்கு ஏற்றியது ஏகாதிபத்தியம். ஓர் இனத்துக்குப் போர்க்குணம், மற்றோர் இனத்துக்கு உழைப்புக்குணம் என்று பங்கிட்டது, மனிதரின் இயல்பை ஆராய்ந்து செய்த முடிவன்று. தேவையை ஒட்டிச் செய்த வேலைப் பிரிவினையே அது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, நோயிலும் பசியிலும் பலரை இழந்து வந்தவர்கள் முதலில் அடைந்த மலைநாட்டு நகர் நமது மாத்தளை. அவர்கள் எந்த அகழிப் போருக்கும் அனுப்பப்படவில்லை. பாளையமே அவர்களைத் தேடி மலைக்கு வந்துவிட்டது. இதற்குச் சான்று, ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் கணவாய் வரையுள்ள எந்தத் தோட்டத்திலும் நாள்தோறும் நாம் கேட்கும் சொற்களே.

'லயம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் கேட்டால் சில மாணவர் இசையின் லயத்தைச் சொல்வர். சில முதியோர் குதிரை லாயம் என்பர். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்ததை எண்ணினால், முதியோர் சொல்வதில் உள்ள கசப்பு நியாயமானதே. ஆனால் சொல்லின் பிறப்பு வேறு. இந்தியப் பாளையங்களில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைகளுக்கு ஆங்கிலத்தில் 'லைன்ஸ்' என்று பெயர். அச்சொல்லே தோட்டத்துக்கு வந்து, லைன் ஆகி, லயன் ஆகி, லயம் ஆயிற்று. வைகறையில் தப்போசையும் கொம்போசையும் கேட்டு எழுந்து, தொழிலாளர் ஆணும் பெண்ணுமாய் வரிசையில் நின்று வேலை பகிரப்பெறும் இடம் பிரட்டுக்களம். 'பிரட்டு' என்பது 'பரேட்' என்னும் படை அணிவகுப்பே. வருகையைக் கணக்கெடுக்கும் 'மஸ்டர்' என்பதும் படைச் சொல்லே. சிப்பாயின் பயிற்சிக்குத் தமிழில் கவாத்து என்று பெயர். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுவதற்கும் கவ்வாத்து என்றே பெயர். இவ்விரு சொற்களின் வேர் எதுவாயினும், தலையெடுத்து வளர்வதை ஒரே மட்டத்துக்குக் கொணர்வதே இரண்டின் பயனும் ஆகும்.

இவ்வொற்றுமை தற்செயலன்று. இந்நாட்டில் கோப்பித் தோட்டங்களை ஊக்கிய தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், வாட்டர்லூ களத்தில் நின்ற படைத்தலைவர். அவரே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். கம்பளைக்கு அருகே முதற் கோப்பித் தோட்டங்களுள் ஒன்றைத் திறந்த ஜோர்ஜ் பேர்டின் சகோதரரும் படை அதிகாரியே. மலைநாட்டுச் சாலைகளை வெட்டுவித்த தோமஸ் ஸ்கின்னர் இளமையிலேயே படையில் சேர்ந்தவர். படையினர் வெட்டிய சாலையில், படையினர் திறந்த தோட்டத்தில், படையினர் அறிந்திருந்த ஒழுங்குமுறையே நிலைபெற்றது. துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று மேலிருந்து கீழே இறங்கும் படிநிலையைப் பாருங்கள். பட்டாளத்தின் படிநிலையே அது. 1865-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டப்படி அனுமதியின்றி வேலையை விட்டு நீங்கியவன் குற்றவாளி, அவனுக்குச் சிறை. படையிலிருந்து ஓடிப்போதலுக்கு ஆங்கிலத்தில் எச்சொல்லோ, அதே சொல்லே தோட்டத்தைவிட்டு ஓடிப்போதலுக்கும் வழங்கியது. தொழிலாளியைக் கடனோடு பிணைத்து இடம் மாற்றிய துண்டு முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது.

1914-இல் போர் மூண்டபோது இலங்கைத் தோட்டத்துரைமார் படையைச் சேர்ந்த 200-க்கு மேற்பட்டோர் அக்டோபர் மாதத்தில் எகிப்துக்குக் கப்பலேறினர். 1915-இல் கலிப்பொலிக் கரையில், அவுஸ்திரேலிய-நியூசிலாந்துப் படைத் தளபதி பேர்ட்வுட்டின் காவலராக அவர்கள் பணிபுரிந்தனர். துரைமார் கடல்கடந்து அகழி கண்ட அதே ஆண்டுகளில், தொழிலாளி மலைச்சரிவில் கான் வெட்டிக்கொண்டிருந்தான். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி சரிவுக்குக் குறுக்கே தோண்டும் வடிகாலுக்கே தோட்டத் தமிழில் கான் என்று பெயர். இத்தனை அடி தோண்டினால்தான் ஒரு பேர் என்பது கணக்கு. அவுஸ்திரேலியத் தோண்டுபவனுக்கு அகராதி உண்டு; நினைவுத்தூண் உண்டு. நூவ் ஷப்பேலில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கான் வெட்டியவனுக்குச் செக்ரோல் ஒன்றே உண்டு. 'கூலி' என்பது தமிழில் உழைப்புக்குக் கொடுக்கும் விலை. ஆங்கிலத்திலோ அது உழைப்பவனின் பெயரே ஆகிவிட்டது. விலையையும் மனிதனையும் ஒன்றாக்கிய இம்மாற்றத்தை எந்த வேடிக்கை அகராதியிலும் சேர்த்துவிட முடியாது.

ஆயினும் மக்கள் சொற்களை வெறுமனே ஏற்பவர்களாக மட்டும் இருந்ததில்லை. 1914 செப்டெம்பர் 22-ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்தது. நகர மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள், கொழும்பை நோக்கி வந்த அவுஸ்திரேலியப் படைக்கப்பல்களுக்குத் துணையாய் வந்த சிட்னி என்னும் போர்க்கப்பல் அதனைக் கொக்கோஸ் தீவருகே அழித்தது. கப்பல் அழிந்தது; பெயர் தமிழில் நிலைத்தது. சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனைக் காட்டி, 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். வெல்லப்படாதது என்று எண்ணப்பட்ட பேரரசை ஒற்றைக் கப்பல் நடுங்க வைத்ததை மக்கள் எவ்வாறு கண்டனர் என்பதற்கு அச்சொல்லே ஆவணம். எந்தத் தணிக்கை அதிகாரியாலும் அதனைப் பறிமுதல் செய்ய இயலவில்லை.

பின்னர் அகழிப் போர் இந்நாட்டுக்கே வந்தது. 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகள், அரிச்சுவடியோடு சேர்த்துப் பதுங்குகுழியையும் கற்றனர். 'பங்கர்', 'செல்லடி', 'சென்றி', 'கிபிர்' என்பன வீட்டுச் சொற்களாயின. செல் என்னும் ஆங்கிலச் சொல்லோடு அடி என்னும் தமிழ்ச் சொல்லைச் சேர்த்து, மழை பெய்வதைச் சொல்வதுபோலக் குண்டு விழுவதைச் சொல்லப் பழகிக்கொண்டனர் அம்மக்கள். அதே போரில், தென்னிலங்கைச் சிற்றூர்களின் ஏழை உழவர் பிள்ளைகள் வறுமை காரணமாகப் படையில் சேர்ந்து மடிந்ததையும் நாம் மறத்தலாகாது. எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் அகழி தோண்டியவன் ஏழை வீட்டுப் பிள்ளையே. இச்சொற்களையும் முறையாகத் தொகுத்து வைத்தல் வேண்டும். அவை மறைந்தால், அவற்றை ஆக்க நேர்ந்த துன்பமும் நிகழாதது போலாகிவிடும்.

இவற்றால் நாம் பெறும் முடிவு யாது? ஒரு வர்க்கத்தின் வரலாற்றை அவ்வர்க்கத்தின் சொற்களைக்கொண்டே எழுத முடியும். டௌனிங் செய்த பணியின் சிறப்பு அவருடைய புலமையில் இல்லை. தம்மோடு சேற்றில் நின்றவர்களின் பேச்சு பதிவுக்குரியது என்று அவர் நம்பியதில் இருக்கின்றது. மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை அந்நம்பிக்கையோடுதான் தொழிலாளரின் நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. 2023-இல், அவர்தம் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் கால்நடையாக வந்தனர். அந்த நடையின் பாதையை நாம் வரைபடத்தில் குறித்துவிட்டோம். அப்பாதையில் நடந்தவர் பேசிய சொற்களை இன்னும் முழுமையாகக் குறிக்கவில்லை.

ஆசிரியராகிய நாமும் நம் மாணவரும் செய்யக்கூடிய வேலை இது. பெரும் பொருட்செலவு வேண்டா. ஒவ்வொரு தோட்டத்திலும் பிரட்டுக்களம் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கான் வெட்டியவர், கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், கொழுந்துக்கூடை சுமந்தவர் ஆகியோரிடம் சென்று, இச்சொல்லை எப்போது சொல்வீர்கள், எவரிடம் சொல்வீர்கள், துரையின் முன் சொல்வீர்களா, பின்னால் சொல்வீர்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். துரையின் முதுகுக்குப் பின்னால் பிறந்த சொற்களையே முதலில் எழுதிக்கொள்ளுங்கள். செக்ரோலில் ஏறாத வரலாறு அவற்றில்தான் இருக்கின்றது.